பார்த்த நாள், சொன்ன நாள்

ஜூலை 1, திங்கள்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜெயக்கொடி எழுதுகிறாள். அவளுக்கு நகராட்சியில் ஒப்பந்த வேலை, வீடு வீடாகப் போய்த் தொட்டியில் கொசுப்புழு பார்ப்பது. காலையிலிருந்து நூறு வீடு ஏறி இறங்கிவிட்டு, சோறு வடித்துவிட்டு, “ம், சொல்லுங்க மாமா” என்று நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். பேச்சை அப்படியே எழுதினால் டாக்டரம்மா சிரிப்பார் என்று கொஞ்சம் திருத்தி எழுதுகிறாளாம். எழுதட்டும்.

டாக்டரம்மா பெயர் நஸ்ரின். சென்னையிலிருந்து வந்திருக்கிறார். நாட்டில் எந்த மூலையில் தொத்துநோய் கிளம்பினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள டெல்லியில் ஒரு திட்டம் போடுகிறார்கள். அதற்கு முன்னால் நான்கு ஊரில் சோதித்துப் பார்க்கிறார்கள். எங்கள் ஊர் ஒன்று. வார்டுக்கு ஒருவர் தகவல் சொல்ல வேண்டும். எங்கள் வார்டுக்கு நான்.

“படிச்சவங்க யாரையாவது போடுங்கம்மா” என்றேன்.

“படிச்சவங்க பேப்பர்ல இருக்கிறதைச் சொல்றாங்க. எனக்குத் தெருவுல இருக்கிறது வேணும் ஐயா” என்றார்.

முப்பத்தாறு வருஷம் இந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவன் நான். எந்த வீட்டுக்கு எந்த வருஷம் குழாய் போனது, யார் வீட்டில் யார் எதில் செத்தார்கள் என்று கேட்டால் சொல்லுவேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறார்.

ஒரு படிவம் காட்டினார். மூன்று கட்டம். நோய் தொடங்கிய நாள். அதன் காரணத்தைக் கவனித்த நாள். சொன்ன நாள். “இந்த மூணு தேதிக்கு நடுவுல எத்தனை நாள் போகுதோ, அதுதான் ஐயா எங்களுக்கு வேணும். மத்ததெல்லாம் அப்புறம்.” தினமும் பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். மாசக் கடைசியில் வாங்கிக்கொள்வாராம்.

முழங்கால் வலிக்கிறது. இன்றைக்கு இது போதும்.

ஜூலை 3, புதன்

தண்ணீர் வரும் நாள். மூன்று நாளைக்கு ஒரு தடவை, காலை ஆறு மணிக்குத் திறந்து ஆறு நாற்பதுக்கு மூடுவார்கள். எங்கள் மேட்டுத்தெருவில் முதல் குடம் சாமி மாடத்துக்கும் குடிக்கவும். பிறகு வருவதுதான் துவைக்க, குளிக்க. மற்ற தெருக்களில் முதல் தண்ணீரைக் கொஞ்ச நேரம் சாக்கடையில் ஓடவிட்டுத்தான் பிடிப்பார்கள். இங்கே ஒரு சொட்டு கீழே போகாது. அந்தப் பழக்கம் நான் சொல்லிக் கொடுத்தது.

எதிர்வீட்டு ஆட்டோக்காரருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. கோடிவீட்டுத் தையல்காரருக்கும். இரண்டு வீட்டிலும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். ஆட்டோக்காரர் ஜூன் பதினெட்டாம் தேதியே படுத்துவிட்டாராம். டாக்டரம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். முதல் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

“இதுக்கு முன்னாடி இந்த ஊர்ல காமாலை வந்திருக்கா ஐயா?”

எழுபத்தொன்பதில் வந்தது. மில் குவாட்டர்ஸில் ஐப்பசி மாசம். நாற்பது பேர் படுத்தார்கள். ஆம்பளைகள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் மூன்று பேர் எழவில்லை. மூன்று பேரின் பெயரையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இது எங்க ரெக்கார்டு எதுலயும் இல்லையே. ஹெபடைடிஸ் ஈன்னு ஒரு வகைக் காமாலை இருக்கு. அழுக்குத் தண்ணியில வரும். கர்ப்பிணிகளைத்தான் அடிக்கும்.”

வகை எனக்குத் தெரியாது. பாடை சுமந்தது ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு இல்லை. திரும்பி வந்தேன்.

ஜூலை 6, சனி

ஊரின் குழாய்ப் படம் கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்களாம். எந்தத் தெருவுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரியாமல் நோயைத் தொடர முடியாது என்று டாக்டரம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார். பாய் அளவுக் காகிதத்தைத் தரையில் விரித்தார். நான் சொல்ல, அவர் கோடு போட, ஜெயக்கொடி தெருப்பெயர் எழுத, நாலு மணி நேரம்.

பெரிய டேங்கிலிருந்து பஜார் வரைக்கும் ஆறு இஞ்ச் இரும்பு. எழுபத்திரண்டில் போட்டது. பழைய சினிமா கொட்டகை முன்னால் தெற்கே திரும்பும். செட்டித்தெரு வால்வு சாவியை இடதுபக்கம் திருப்பினால்தான் திறக்கும், பொருத்தியவன் தலைகீழாகப் பொருத்திவிட்டான். இதெல்லாம் சொல்லச் சொல்ல டாக்டரம்மா கூட வந்த ஆய்வாளர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க தெருவுக்கு ஐயா?”

“கிழக்கு வால்வு” என்றேன்.

அவர் கோடு போட்டார்.

காப்பி கொடுத்தோம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

ஜூலை 9, செவ்வாய்

தண்ணீர் வரும் நாள். விடிந்ததும் சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று பழைய சினிமா கொட்டகை வரைக்கும் போனேன். அங்கே சாக்கடைமேல் சின்னப் பாலம் இருக்கிறது. மே மாசம் ஜேசிபி விட்டுத் தூர் வாரினார்கள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். கால் வலிக்காக உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்குச் சாக்கடையில் ஓர் இடத்தில் மட்டும் குமிழ் குமிழாக வந்தது. சோறு கொதிக்கிற மாதிரி. பிறகு அடங்கியது. ஆறு நாற்பதுக்குத் தண்ணீர் நின்றது. ஒரு வேப்பிலை மிதந்து வந்து அதே இடத்தில் நின்று சுற்றியது. ரொம்ப நேரம் சுற்றியது. அப்புறம் உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்தேன். சாமி மாடத்தின் கீழே இருந்த குடத்தை வாசலில் கவிழ்த்தேன். ஜெயக்கொடி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“ஐயோ மாமா, முதல் குடம் அது. என்ன காரியம் பண்றீங்க?”

“எறும்பு கிடந்தது.”

“எறும்பு கிடந்தா வடிகட்டினாப் போவுது. மூணு நாளைக்கு எங்க போறது நான்?”

கேன் தண்ணீர் வாங்கச் சொன்னேன். இதை எழுத வேண்டாம் என்றேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதச் சொன்னாரே என்று எழுதுகிறாள்.

ஜூலை 10, புதன்

இன்று வீட்டில் சண்டை.

என் பேத்தி அபிநயா, ஜெயக்கொடியின் மகள், பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம். வருகிற ஞாயிறு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு அவளை இங்கே கூட்டிவருவதாகப் பேச்சு. ஜெயக்கொடி ஒரு மாசமாக அந்த அறையைத்தான் கழுவிக்கொண்டிருக்கிறாள். புது மெத்தை போட்டாயிற்று.

“இப்ப வேண்டாம். ஆவணிக்கு மேல கூட்டிக்கலாம்” என்றேன்.

“ஏன் மாமா?”

“ஓடு ஒழுவுது.”

“ஆனி மாசத்துல எங்க மழை பேஞ்சுது, ஓடு ஒழுவுறதுக்கு?”

“ஆடி பொறக்கப் போவுது. பிள்ளைத்தாய்ச்சியை இடம் மாத்தக் கூடாது.”

“ஆடிக்குத்தானே பொண்ணுங்க தாய்வீட்டுக்கு வரும்? நீங்களே சொல்லுவீங்களே, அத்தையை ஆடிக்கு அனுப்ப மனசில்லாம அனுப்பினேன்னு.”

அவள் சொன்னது சரிதான். தெருவில் காமாலை இருக்கிறதே என்றேன். நாலு வீட்டில்தானே, நம் வீட்டில் இல்லையே என்றாள். என் மகனுக்குப் போன் போட்டேன். அவன் லாரியில் குஜராத் போய்க்கொண்டிருந்தான். “அப்பா சொன்னா எதனா இருக்கும், விடு” என்று அவளிடம் சொல்லிவிட்டான். அவள் போனை வைத்துவிட்டு அந்த அறையைச் சாத்தினாள். எழுதும்போதும் முகம் கொடுக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

காமாலை பதினொரு பேர் ஆகிவிட்டது. டாக்டரம்மா என் படத்தின்மேல் மஞ்சள் பொட்டாக ஒட்டினார். பதினொன்றும் மேட்டுத்தெருவில்.

“கிழக்கு வால்வுத் தண்ணிதான் ரெட்டித்தெருவுக்கும் போகுதுன்னு சொன்னீங்க. அங்க ஒருத்தருக்குமில்லையே. எப்படி ஐயா?”

“தெரியலைம்மா.”

இன்று தண்ணீர் நாள். மாதிரி எடுக்க வந்தவர் ஆறரை மணிக்கு வந்தார், ஓடி ஓடித் தெளிந்த கடைசித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். முதல் குடத்தில் பிடிக்கச் சொல்லியிருக்கலாம். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். குளோரின் பார்த்துச் சாயங்காலமே சொல்லிவிட்டார்கள், தண்ணீரில் குறையில்லை என்று.

தண்ணீரில் இல்லை என்றால் தின்பதில், குடிப்பதில் இருக்க வேண்டும். தெருமுனையில் சவரிமுத்துவின் கரும்புச்சாறு வண்டி. ஆய்வாளர் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

குளோரின் மாத்திரை வீட்டுக்கு இருபது கொடுத்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் நானும் தனியாகச் சொன்னேன். அவள் மருமகள் தேன்மொழிக்கு எட்டு மாசம்.

“மாத்திரை போட்டா நாத்தம் குடலைப் புடுங்குதுண்ணே. அதுவும் உன் கையால வந்த தண்ணி. அதைப்போயி காய்ச்சுவாங்களா?” என்று சிரித்தாள்.

ஜூலை 13, சனி

சவரிமுத்து வந்தான். நாற்பது வருஷமாகத் தெரிந்தவன். வண்டி போன துக்கத்துக்கு வந்தானா, காப்பிக்கு வந்தானா தெரியவில்லை.

“யோவ் மாசிலாமணி, ஊருக்கே நோய் சொல்ற அதிகாரி ஆயிட்டியாமே. என் வண்டியைக் காட்டிக் குடுத்தது நீதானா?”

“நான் சொல்லலைடா.”

“சொன்னாத்தான் என்ன. ஐஸ் எங்க வாங்கறேன்னு கேட்டான், சொன்னேன். தண்ணி எங்க புடிக்கிறேன்னு கேட்டான், உங்க தெருக் குழாயிலன்னேன். குழாய் சுத்தம், நீதான் அசுத்தம்ங்கறான். குளிச்சுட்டுத்தான்யா வந்திருந்தேன்.”

காப்பி குடித்தான். கரும்பு ஒரு கட்டு வாங்கிப் போட்டிருக்கிறானாம், காய்ந்துபோகிறதாம். “வெட்டி உன் வீட்டு மாட்டுக்குப் போடலாம்னா உங்கிட்ட மாடும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 14, ஞாயிறு

வளைகாப்பு முடிந்தது. ஐந்து வகைச் சோறு. புளிச்சோறு நன்றாக இருந்தது. தேன்மொழியும் எங்களோடு வேனில் வந்திருந்தாள். அவளுக்குப் போன மாசம்தான் போட்டார்கள், கை நிறைய வளையலோடு அபிநயாவின் பக்கத்தில் உட்கார்ந்து யார் வயிறு பெரிது என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

கிளம்பும்போது அபிநயா பையோடு நின்றாள். அவளுக்கு அப்போதுதான் சொன்னார்கள் போலிருக்கிறது.

“என்ன தாத்தா, என்னை வேண்டாம்னு சொல்லிட்டியாமே. நான் நிறையச் சாப்பிடுவேன்னு பயமா?”

“ஒரு மாசம் பொறு கண்ணு.”

“தேன்மொழி அக்கா மட்டும் அவங்க மாமியார் வீட்டுல சொகுசா இருக்கு. அவங்க அம்மா இல்லாததால இருக்கு. எனக்கு அம்மா இருந்தும் இங்கயே கெடக்கணுமா?”

அழுதாள். ஜெயக்கொடி என்னைப் பார்க்கவே இல்லை. வேனில் திரும்பி வரும்போது தேன்மொழி என் பக்கத்தில் உட்கார்ந்து, “பேத்தி மேல இவ்வளவு கண்டிப்பு ஆகாது தாத்தா” என்றாள். கையில் வைத்திருந்த பாட்டிலை நீட்டி, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள். வீட்டிலிருந்து பிடித்துவந்த தண்ணீர்.

வேண்டாம் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

நோட்டில் எழுத ஒன்றும் இல்லை என்றேன். பழைய கதை ஏதாவது சொல்லுங்கள், பக்கம் வெறுமையாக இருந்தால் டாக்டரம்மா கேட்பார் என்கிறாள். சரி.

தொண்ணூற்றாறில் மழை இல்லை. மேட்டுத்தெருவுக்கு அப்போது குழாயே கிடையாது. தெரு மேடு, கிழக்கு வால்வுத் தண்ணீர் ஏறாது, அதனால் போட முடியாது என்று எழுதிவிட்டார்கள். பெண்கள் மில் கிணற்றுக்குப் போவார்கள், அங்கே விரட்டுவார்கள். பச்சையம்மா அப்போது கைக்குழந்தைக்காரி, குடத்தோடு விழுந்து பல் உடைந்தது. அந்தக் குழந்தைதான் இப்போது தேன்மொழியின் புருஷன்.

என்ஜினியர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நானும் இரண்டு ஆளும் சேர்ந்து பெரிய குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்தோம். மேலதிகாரி யாரையும் கேட்கவில்லை. நல்ல இணைப்புத் துண்டு கிடைக்கவில்லை, சணல் சுற்றி, சைக்கிள் ட்யூப் போட்டு, கட்டுக்கம்பியால் முறுக்கினேன். முதல் நாள் கால் மணி நேரம்தான் வந்தது. முதல் தண்ணிதான் வேகமா வரும், அதை விட்டுடாதீங்க, முதல்ல குடிக்கப் பிடிங்க என்று தெருவெல்லாம் சொன்னேன். எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து மாலை போட்டார்கள். நான் செய்ததில் நல்ல காரியம் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

“எந்த இடத்துல இருந்து எடுத்தீங்க மாமா? அன்னைக்குக் கிழக்கு வால்வுன்னு சொன்னீங்களே” என்று கேட்கிறாள்.

அது பழைய கதை. அதை எழுதாதே என்றேன்.

ஜூலை 18, வியாழன்

தேன்மொழிக்கு இரண்டு நாளாக வாந்தி, காய்ச்சல். எட்டு மாசத்தில் என்ன வாந்தி என்று பச்சையம்மா இஞ்சிச் சாறு கொடுக்கிறாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், ஆள் அனுப்பி இரத்தம் எடுத்தார்.

ஜூலை 19, வெள்ளி

தேன்மொழிக்குக் கண் மஞ்சள்.

ஜூலை 20, சனி

காலையில் ஆம்புலன்ஸ் வந்து தேன்மொழியை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஸ்ட்ரெச்சரில் கை தொங்கியது. வளையல் எல்லாம் அப்படியே இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு பரணிலிருந்து என் நீள இரும்பு வால்வு சாவியை இறக்கினேன். அதை ஊன்றிக்கொண்டு டாக்டரம்மா இருக்கும் சுகாதார நிலையத்துக்கு நடந்தேன். உள்ளே டெல்லிக்காரர்களோடு கம்ப்யூட்டரில் கூட்டம். மற்ற மூன்று ஊர்க்காரர்களும் பேசினார்கள். கதவு பாதி திறந்திருந்தது. இங்கிலீஷ். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாமா என்று மூன்று தடவை நினைத்தேன். மூன்று தடவையும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

வெளியே வந்தார். “என்ன ஐயா, சாவியெல்லாம் எடுத்துட்டு?”

“அந்தப் படத்துல ஒரு கோடு விட்டுட்டேம்மா.”

படத்தை மேசையில் விரித்தார். பஜாரில் சினிமா கொட்டகை முன்னால் கட்டைவிரலை வைத்து மேட்டுத்தெரு வரைக்கும் இழுத்தேன். வழியில் சாக்கடைப் பாலத்தின்மேல் நிறுத்தினேன். சைக்கிள் ட்யூப் பற்றிச் சொன்னேன். ஜேசிபி பற்றிச் சொன்னேன். தண்ணீர் நின்றதும் குழாய் சாக்கடையை உறிஞ்சும், அடுத்த முறை முதல் குடத்தில் அதுதான் வரும் என்று சொன்னேன். டாக்டரம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப ஞாபகம் வந்தது ஐயா?”

“இன்னைக்குத்தான்.”

வயசாகிவிட்டதல்லவா என்று ஆய்வாளர் சொன்னார். யாரும் சந்தேகப்படவில்லை.

மத்தியானமே தோண்டினார்கள். நான் காட்டிய இடத்திலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளவில்லை. ட்யூப் பாதி கிழிந்து, கம்பி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. இணைப்பை வெட்டிவிட்டார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

தண்ணீர் வரும் நாள். வரவில்லை.

(இதை மாமா சொல்லவில்லை, ஜெயக்கொடி எழுதுகிறேன். நேற்றிலிருந்து பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி பாலம். ஒன்பதாம் தேதி எறும்பு. பத்தாம் தேதி அபிநயா வேண்டாம். என் கையால்தான் எழுதியிருக்கிறேன். எழுதும்போது புரியவில்லை. இன்று மாமாவுக்குச் சோறு போட்டேன். பக்கத்தில் உட்காரவில்லை. என் பெண் நன்றாக இருக்கிறாள். அதை நினைத்தால் சந்தோஷம் வருகிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.)

ஜூலை 22, திங்கள்

லாரியில் தண்ணீர் வந்தது. தெருவே குடத்தோடு நின்றது. இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு திரும்ப வரிசை. கிளையை வெட்டச் சொன்னது நான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. புதுக் குழாய்க்கு எழுதியிருக்கிறார்களாம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆட்டோக்காரர் நேராகவே கேட்டார். “அண்ணே, நீங்களே குடுத்தீங்க, நீங்களே வெட்டிட்டீங்க. இனிமே நாங்க எங்க போறது?”

குடத்தை வைத்துவிட்டுத் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு லாரிக் குழாயைப் பிடித்துக் கொடுத்தேன். பழகின வேலை.

சவரிமுத்துவின் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சக்கரம் ஒன்று கோணிப்போயிருக்கிறது. “உன்னால போச்சு, உன்னால வந்துச்சு. சரியாப் போச்சு விடு” என்றான். எனக்குத் தெரிந்த தேதி அவனுக்கு இன்னும் தெரியாது.

ஜூலை 23, செவ்வாய்

தேன்மொழிக்குக் குழந்தை செத்துப் பிறந்தது. ஆண். தாய்க்கு நினைவு இல்லை.

ஜூலை 24, புதன்

தேன்மொழி கண் திறந்தாளாம். தண்ணீர் கேட்டாளாம். பச்சையம்மா ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தபோது சொன்னாள். என் வாசலில் நின்றுதான் சொன்னாள்.

“நீ சொன்னியேண்ணே, காய்ச்சுன்னு. நான்தான் கேக்கலை. நான்தான்ணே.”

அவள் தன் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். உட்கார், ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

ஜூலை 25, வியாழன்

டாக்டரம்மா நோட்டை வாங்க வந்தார். நாளை சென்னை போய், அங்கிருந்து டெல்லி. களைத்துப் போயிருந்தார், கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனாலும் சிரித்த முகமாகப் படிவத்தை எடுத்தார்.

“மத்த ஊர்ல எல்லாம் கவனிச்ச நாளுக்கும் சொன்ன நாளுக்கும் நடுவுல எட்டு நாள், பத்து நாள் ஆயிருக்கு ஐயா. இங்க மட்டும்தான் தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கீங்க. இதைத்தான் முன்னால வைக்கப் போறேன். தெருவுல பழகின ஆளைப் போட்டா ஒரு நாள்கூட வீணாகாதுன்னு. இதை வெச்சு நாடு முழுக்க வார்டுக்கு ஒருத்தரைப் போடச் சொல்லுவேன்.”

ஜெயக்கொடி காப்பித் தம்ளரோடு கதவருகே நின்றாள். நோட்டு மேசைமேல் இருந்தது. அவள் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும், என்னை அவள் காட்டிக் கொடுக்கமாட்டாள்.

“அந்தத் தேதி தப்பும்மா” என்றேன்.

“எது?”

“கவனிச்ச நாள். இருபது இல்ல. ஒன்பது. பாலத்துல உட்கார்ந்து பார்த்தேன். அன்னைக்கே தெரியும். கோடு மறந்து போகலை. ஆறாம் தேதி படம் போடும்போதே தெரிஞ்சுதான் விட்டேன். நான் எதையும் மறக்கறவன் இல்லைம்மா.”

டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார்.

“பதினோரு நாள்” என்றார்.

“ஆமாம்மா. தேன்மொழிக்கு எந்தக் குடத்துல வந்துச்சோ, அது ஒன்பதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எனக்குத் தெரியாது.”

“உடம்புல ஏறி வெளிய தெரிய ரெண்டு, மூணு வாரம் ஆகும். பெரும்பாலும் முன்னாடிதான் ஐயா” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, கணக்கே அப்படித்தானா தெரியவில்லை. பெரும்பாலும் என்று சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன்.

பிறகு கேட்டார். “என்ன இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்க? கோபத்துல கேக்கலை. திட்டத்துல எழுதறதுக்குக் கேக்கறேன்.”

“சொன்னா குழாயை வெட்டமாட்டோம், வேற குழாய் போட்டுட்டுத்தான் இதை எடுப்போம்னு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தா...” என்றேன். அப்புறம் அதுவும் முழுசாக இல்லை என்று பட்டது. “அப்படிச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியாதும்மா. மாலை போட்ட காரியம் அது.”

முதலில் சொன்னதை எழுதிக்கொண்டார். இரண்டாவதையும் எழுதினார்.

“உங்க பேர் டெல்லிக்குப் போகாது. தேதி மட்டும்தான் போகும்.”

“பேர் போனாலும் சரி. பச்சையம்மா கிட்ட நானே போய்ச் சொல்லணும். அது உங்க படிவத்துல இல்ல.”

பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார். ஜெயக்கொடி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு நாளைக்குப் பிறகு உட்கார்ந்தாள். “நான் எழுதறேன் மேடம்” என்று பேனாவை வாங்கினாள். எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். நோய் தொடங்கிய நாள், ஜூன் பதினெட்டு. கவனித்த நாள், ஜூலை ஒன்பது. சொன்ன நாள், ஜூலை இருபது.

நடுவில் இருப்பதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பெருவிரல் வைத்தேன்.